ஒன்றாம் வகுப்புக்கு யார் டீச்சர்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைச் சபைகளில் ஆராதனை முடிந்த பிறகும் கூட்டம் கலைவதில்லை. போதகராகிய ஐயரிடம் கடிதம் வாங்க ஒரு வரிசை நிற்கும். திருமண்டலப் பள்ளிகளிலும் மற்றக் கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளிலும் பிள்ளைக்கு இடம் கேட்டுப் போகிறவர்கள், ஞானஸ்நானச் சான்றிதழோடு சேகரத் தலைவரான அந்த ஐயரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கடிதம் கைக்கு வந்ததும் இளம் பெற்றோர் பலர் தேடிப் போவது, ஓய்வுபெற்ற ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையை. சபையில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிகளில் வேலை பார்த்தவர். தேரிக்காட்டுக் கிராமங்களில் தொடங்கிப் பாளையங்கோட்டையில் முடித்தவர். பெரும்பாலான ஆண்டுகள் அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றாம் வகுப்பை.

வருகிறவர்களிடம் தகவலுக்குக் குறைவில்லை. எந்தப் பள்ளியில் எவ்வளவு கட்டணம், வேன் எத்தனை மணிக்கு வரும், மெட்ரிக்கா சி.பி.எஸ்.இ.யா, காலையில் ஜெபம் உண்டா, சாப்பல் உண்டா என்று எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர் ஒன்றைத் திருப்பிக் கேட்பார்.

“ஒண்ணாங் கிளாஸ்க்கு யாரு டீச்சர்னு கேட்டீங்களாம்மா?”

அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அங்கே பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளுமா என்பதைத்தான். டீச்சர் இதை உறுதியாக நம்புகிறார். ஜெபத்தை வீட்டில் கற்றுக்கொடுக்கலாம். பாட்டை ஞாயிறு பள்ளியில் படிக்கலாம். வாசிப்பைத் தாயும் தகப்பனும் பள்ளியை நம்பித்தான் ஒப்படைக்கிறார்கள். அது வராத பிள்ளைக்கு வேதாகமமும் பாமாலையும் ஞானோபதேசமும் கண்ணுக்கு முன்னால் மூடியே கிடக்கும்.

இந்த நம்பிக்கை அவர் வேலை பார்த்த மண்ணிலிருந்து வந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் சபையும் பள்ளியும் ஒன்றாகவே வளர்ந்தவை. 1799இல் கிறிஸ்தவர்களின் குடியிருப்பாக முதலூர் உருவானபோதும், 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்தபோதும், 1841இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோதும் இதே கதைதான். எத்தனையோ கிராமங்களில் வாரநாளில் பள்ளியாக இருந்த அதே கட்டடம் ஞாயிற்றுக்கிழமை கோயிலானது. உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்தார். சபையில் சேர வருகிறவர் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதால்தான் பனையேறிகளின் பிள்ளைகளுக்கும் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கும் எழுத்து வந்தது. பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பெண் ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய நிறுவனம் 1895இல் சாராள் தக்கர் கல்லூரியாக உயர்ந்தது. டீச்சரின் அம்மாச்சியும் போர்டிங்கில் தங்கி எழுத்துக் கற்றவர்தான்.

ஒன்றாம் வகுப்பு வேலையின் நுட்பம் வெளியே தெரிவதில்லை. பிள்ளை பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்வதைக் கேட்டுத் தாய் மகிழ்ந்துபோவாள். டீச்சர் அப்படி மகிழ்வதில்லை. வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இங்க இருந்து வாசி” என்பார். மனப்பாடமாகச் சொன்ன பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். சில சமயம் வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார். எழுத்தைப் பார்த்து வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டுமே எளிது.

பிள்ளைகள் சறுக்கும் இடங்களும் அவருக்குத் தெரியும். துணைக்கால் வரைக்கும் எல்லாரும் வந்துவிடுவார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கியதும் குழப்பம் தொடங்கும். கெ, கே, கை என்ற மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். கொ, கோ, கௌ வரும்போது எழுத்துக்கு இருபுறமும் குறி நிற்கும். அந்த இடத்தில் ஒரு மாதம் பொறுமையாக நின்று சொல்லிக்கொடுக்கிற டீச்சர் கிடைத்த பிள்ளை வாழ்நாள் முழுதும் வாசிக்கும். “போர்ஷன் முடிக்கணும்” என்று அந்த மாதத்தைத் தாண்டிப் போனால், ஐந்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவனின் நோட்டைப் பார்த்து எழுதும். 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, அட்டைகளும் ஏணிப்படியும் சுவரடிக் கரும்பலகைகளும் வகுப்புக்குள் நுழைந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறலாம் என்பதால் டீச்சருக்கு அந்த முறை பிடித்திருந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் அவர் விடாமல் கவனித்து வருகிறார். எந்த முறையானாலும், எட்டு வயதுக்குள் வாசிப்பு வந்துவிட்டதா என்பதே அவருடைய கணக்கு.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நேரம் இருக்கிறது. நெல்லைப் பக்கத்துச் சீர்திருத்த சபைக் குடும்பங்களில் மாலை ஜெபத்தில் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது பழைய பழக்கம். தாத்தா ஒரு வசனம், அம்மா ஒரு வசனம், பிறகு பிள்ளைகள். பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்களையும் சேர்த்தெழுதிய சொற்களையும் எட்டு வயதுப் பிள்ளை தட்டித் தடவிக் கடந்துவிட்டால் அதற்குமேல் எந்தப் புத்தகமும் அதற்குப் பயம் காட்டாது. கத்தோலிக்க வீடுகளில் செபமாலையும், புதுநன்மைக்கு முந்தைய மறைக்கல்வி வகுப்பும் இதே இடத்தை நிரப்புகின்றன. இரு சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தபின் அங்கே வாசிக்கும் வாக்கியங்கள் எளிமையாகிவிட்டன.

இப்போது பல வீடுகளில் பிள்ளையின் முறை வரும்போது அம்மா அவசரமாகத் தானே வாசித்துவிடுகிறாள். “அவன் இங்கிலீஷ் மீடியம்லா டீச்சர், தமிழ் வாசிக்கக் கொஞ்சம் கஷ்டப்படுதான்” என்பார்கள். சபைகளில் திரையில் ஓடும் பாட்டு வரிகளை இளையவர்களுக்காக ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள். பிள்ளை ‘கர்த்தர்’ என்று பாடுகிறது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனாலும் தேர்வுக்கு எழுதும் தமிழ் வேறு, வசனத்தை வாசித்து அதன் பொருளைப் பிடிக்கும் தமிழ் வேறு. தாத்தா வாசித்ததைப் பேரன் வாசிக்க முடியாமல் போவதைப் பேசும்போது டீச்சரின் குரல் உயர்ந்துவிடும். ஆங்கிலத்தின் மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. வீட்டில் பேசுகிற மொழியில் முதலில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தை வேகமாகப் பிடித்துக்கொள்வதை வகுப்பில் பார்த்தவர் அவர். அதனால் ஆங்கில வழியில்தான் சேர்ப்போம் என்கிற பெற்றோரிடம் அவர் வாதாடுவதில்லை. தினமும் இருபது நிமிடம் தமிழ் வாசிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

“கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பக்தியில் வளரும்” என்பது பெற்றோர் பலரின் எண்ணம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை டீச்சர் பொறுமையாக விளக்குவார். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. அதனால்தான் கத்தோலிக்கப் பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கிறது. டீச்சரின் பள்ளிகளிலும் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் படித்தார்கள். அவர்களுக்காகவும் கட்டப்பட்ட பள்ளி என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வாரத்தில் ஒன்றிரண்டு பீரியடில் பக்தியை வளர்க்கும்படி அந்தப் பள்ளியிடம் கேட்பது நியாயமில்லை. அது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சபையிலும் நடக்க வேண்டிய வேலை.

அந்த வேலைக்கு நேரம் வேண்டுமே என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. காலை ஏழு மணிக்கு வேன் ஏறுகிற பிள்ளை மாலை ஐந்துக்கு இறங்கி, ஆறு முதல் எட்டு வரை டியூஷனில் இருந்தால், குடும்ப ஜெபத்துக்குப் பாதித் தூக்கத்தில்தான் வரும். தகப்பன் வளைகுடாவில் வேலை செய்யும் வீடுகளில் தாய் தனியாக இத்தனையையும் சமாளிக்கிறாள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஞாயிறு காலையில் சிறப்பு வகுப்பு வைக்கிற பள்ளிகளில் சில, சபையார் நடத்துபவையே. பிள்ளை திடப்படுத்தல் வகுப்புக்கு வர வேண்டிய வயதும் அதுதான். பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோரிடம், “சண்டே கிளாஸ் உண்டான்னு முதல்லயே கேட்டுக்கிடுங்க” என்று டீச்சர் தவறாமல் சொல்லி அனுப்புவார். தூரத்துப் பெரிய பள்ளியைவிடப் பிள்ளை நடந்து போய்வரக்கூடிய சின்னப் பள்ளி நல்லது என்று அவர் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஒரே வீட்டில் இரண்டு பள்ளி என்கிற வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்க்கிறார். மகளை ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்ப்பது, மகனுக்கு மட்டும் கட்டணம் கட்டி மெட்ரிக்கில் இடம் வாங்குவது. இப்படி ஒரு தம்பதி சான்றிதழ்களோடு வந்து நின்றபோது டீச்சர் மகளைத்தான் முதலில் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். நன்றாக வாசித்தாள். பிறகு தாயிடம் பேசினார்.

“இவ இவ்வளவு நல்லா வாசிக்கா. இந்தப் பள்ளிக்கூடம் இவளுக்குப் போதும்னா தம்பிக்கும் போதும்லாம்மா? தம்பிக்குப் போதாதுன்னா இவளுக்கும் போதாது.”

அந்த ஆண்டு இரு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போனார்கள்.

சேர்க்கை மேசையில் மிகவும் கனமான இடம் சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வரும் ஒரு தகப்பன், பிள்ளையின் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை டீச்சர் பலமுறை பார்த்திருக்கிறார். தாத்தாவுக்கு நேர்ந்த ஒடுக்குமுறை பேரனுக்கும் தொடர்கிறது. ஆனால் சலுகைக்கும் விசுவாசத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது படிவம். இந்த அநியாயத்தைச் சரிசெய்யும் அதிகாரம் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியைக்கு இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை மற்றவர்களுக்கு முன்னால் சாதி கேட்டுக் கூசவைக்காமல், தகப்பனைத் தனியாக அழைத்து, விவரம் எல்லாம் சொல்லி, முடிவை அவரிடமே விட்டார். பள்ளியைத் தேடும்போது இதையும் பாருங்கள் என்கிறார். பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறார்கள், யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஒரு பள்ளி கிறிஸ்தவப் பள்ளியா என்பது தெரிந்துவிடும்.

பணக்கணக்கிலும் பெற்றோருக்குத் தெரியாத விஷயங்கள் பல. உதவி பெறும் பள்ளியின் எல்லா வகுப்புகளும் உதவி பெறுபவை அல்ல. அதே வளாகத்தில், அதே பெயர்ப்பலகைக்குக் கீழே, ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியில் நடக்கலாம். அங்கே கட்டணம் உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு அல்ல, நிர்வாகம். குறைந்த சம்பளத்தில் வருகிறவர் வேறு வேலை கிடைத்ததும் நடு ஆண்டிலேயே போய்விடக்கூடும். ஆகவே ஆசிரியர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்று கேட்பது முக்கியம். அரசின் திட்டங்களிலும் வேறுபாடு உண்டு. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கி, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீண்டது. காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் 2025இல் நகர்ப்புறத்துக்கும் வந்தது. காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தன் டிபன் டப்பாவோடு ஓடிப்போய்த் தூக்கிய டீச்சருக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல்.

அவரை அதிகம் வருத்துவது கிராமத்துப் பள்ளிகளின் நிலை. ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். சபையார் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிட்டால் எண்ணிக்கை குறைகிறது, ஒரு பணியிடம் உபரியாகிறது, இருக்கிற இருவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள். “ரெண்டு டீச்சர்தான் இருக்காங்க” என்று சொல்லி அடுத்த ஆண்டு இன்னும் சிலர் விலகுகிறார்கள். கடைசியில் அங்கே மிஞ்சுவது வேறெங்கும் போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். முன்னோர் சுண்ணாம்பு சுமந்து கட்டிய பள்ளிக்கூடம் அது. அங்கே அசன விருந்து நடத்துகிறவர்கள், பிரதிஷ்டை பண்டிகை கொண்டாடுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளில் ஒன்றையாவது அங்கே அனுப்பக் கூடாதா என்று டீச்சர் சேகரக் கூட்டங்களில் எழுந்து கேட்டிருக்கிறார். சில ஊர்களில் கேட்டதற்குப் பலன் இருந்தது. இளைஞர்கள் கூடிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கழிப்பறை கட்டி, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணிக்கை சரிவது நின்றது.

விடுதிப் பள்ளி பற்றிக் கேட்பவர்களும் உண்டு. வடமாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. அந்தப் பெற்றோருக்கு வேறு வழி இருப்பதில்லை. உள்ளூரிலேயே இருந்துகொண்டு, மதிப்பெண்ணுக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப நினைப்பவர்களிடம் டீச்சர் நேராகவே வேண்டாம் என்பார். அந்த வயதில் வீட்டில் நடக்கும் சண்டையும் சமாதானமும், நோயாளிப் பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுகொடுப்பதும், வாடகை கட்ட முடியாத மாதத்தில் அப்பா ஜெபிப்பதைக் கேட்பதும் பிள்ளைக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இந்த ஆண்டு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூலமாக அவர் சேகரக் கமிட்டியிடம் இரண்டு கோரிக்கைகள் கொடுத்திருக்கிறார். முதலாவது, ஐயரின் கடிதத்தை ஏப்ரலில் தராமல் பிப்ரவரியிலேயே தர வேண்டும். மே மாதத்தில் பெற்றோர் பார்ப்பது பூட்டிய வகுப்பறைகளையும் புது வர்ணத்தையும்தான். பிப்ரவரியில் போனால் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். ஒன்றாம் வகுப்பு வாசலில் அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் நிற்கலாம். கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டில் டீச்சரின் கை பட்டிருக்கிறதா, தவற்றைத் திருத்திச் சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கலாம். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிட்டு வரலாம். ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைகிற பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு இடம் உண்டு. பள்ளி திறக்கும்வரை யோசிக்க நான்கு மாதம் மிஞ்சும்.

இரண்டாவது கோரிக்கை, சனிக்கிழமை மாலையில் ஞாயிறு பள்ளி அறையில் ஒரு வாசிப்பு வகுப்பு. எந்தப் பள்ளியில் படித்தாலும், எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. கெ, கே, கை அட்டைகளை டீச்சர் எழுதி முடித்துவிட்டார்.